எழுபது சதவீதத் தள்ளுபடியும் மூன்றரை லட்சம் முடிச்சும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலைப் பேப்பரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து வழவழப்பான நோட்டீஸ் ஒன்று விழுந்தது. ‘எக்ஸ்போர்ட் சரக்கு. குடோன் காலி செய்கிறோம். கையால் முடிச்சுப் போட்ட காஷ்மீர், பாரசீகக் கம்பளங்கள். 70 சதவீதம் வரை தள்ளுபடி. கடைசி மூன்று நாள்.’ அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பழைய பஞ்சு குடோனின் விலாசம். படித்துவிட்டு, வேர்க்கடலைத் தோல் போட வைத்துக்கொண்டேன்.

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் அப்படி விடவில்லை. முதல் நாளே போய்விட்டார். மதியம் போன் வந்தது. “ஏனுங்க, சாயங்காலம் கொஞ்சம் ஊட்டுப் பக்கம் வாங்க. நீங்க காசிப் பக்கம் வேலை பாத்தவருங்களே. ஒண்ணு வாங்கியிருக்கறேன், பாத்துச் சொல்லுங்க.” (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுங்க, பேரை மட்டும் போட்டுறாதீங்க” என்றார்.)

நான் வங்கியில் வேலை பார்த்தபோது 1984 முதல் மூன்று வருடம் பதோஹியில் இருந்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது தனி மாவட்டம் இல்லை. 1994இல்தான் வாரணாசி மாவட்டத்திலிருந்து பிரித்தார்கள். பதோஹியும் மிர்சாபூரும் சேர்ந்த அந்த வட்டாரம்தான் நம் நாட்டுக் கம்பளத் தொழிலின் அடுப்படி. எங்கள் கிளையில் பத்துக் கடன் கொடுத்தால் ஏழெட்டு தறிக்கும் கம்பளி நூலுக்குமாகத்தான் போகும். அதனால் கம்பளம் என்றால் நண்பர்கள் என்னைக் கூப்பிடுவது வழக்கம். பாராட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நண்பர் வீட்டு ஹாலில் ஆறடிக்கு நாலடி, குங்கும நிறம், நடுவில் பெரிய பூ வட்டம். பளபளவென்று இருந்தது. “காஷ்மீர்ப் பட்டுங்க. ஒண்ணு அறுபது போட்டிருந்தான். தள்ளுபடி போக நாப்பத்தெட்டு. நான் உட்டுருவனா? இன்னும் ஆறு கொறைச்சு நாப்பத்திரண்டுல முடிச்சேன்.” அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “ரண்டு மணி நேரம் பேரம் பேசுனாருங்க” என்றார். அதில் பெருமையா சலிப்பா என்று தெரியவில்லை.

கம்பளத்தின் ஜாதகம் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும். நான் ஒரு மூலையைத் தூக்கிப் புரட்டினேன். தடித்த காடாத்துணி ஒன்று முழுக்கப் போர்த்தித் தைத்திருந்தது. “நம்ம டைல்ஸ் தரையில வழுக்காம இருக்க ஸ்பெஷலா லைனிங் குடுத்திருக்கறாங்களாமா” என்றார். இரண்டு முனையிலும் தொங்கிய வெள்ளைக் குஞ்சம் தனியாகச் செய்து மெஷினில் தைத்தது. அனுமதி கேட்டு, பிளேடால் லைனிங் தையலை இரண்டு அங்குலம் பிரித்தேன். உள்ளே காய்ந்த வெள்ளைப் பசை. விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. ரப்பர் பால் பசை.

அந்தக் கம்பளத்தில் ஒரு முடிச்சுகூடக் கிடையாது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, துப்பாக்கி மாதிரியான ஒரு கருவியால் நூலைக் குத்திக் குத்தி ஏற்றி, பின்னால் பசை தடவி, அசிங்கம் தெரியாமல் துணி ஒட்டுவது. டஃப்டட் என்பார்கள். ஆறுக்கு நாலை ஓரிரு நாளில் குத்தி முடித்துவிடலாம். ஓரத்தில் ஒரு இழையைப் பிடுங்கித் தீக்குச்சி காட்டினேன். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது. பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வந்திருக்கும். விஸ்கோஸ்.

“கடையில லைட்டர் வெச்சு எரிச்சே காட்டுனானுங்களே?” என்றார் நண்பர். காட்டியிருப்பார்கள். வேறொரு கம்பளிக் கம்பளத்தில் காட்டியிருப்பார்கள். கம்பளி சட்டென்று பற்றிக்கொள்ளாமல் சுருண்டு அணைந்துவிடும் என்பது நிஜம்தான். ஆனால் நெருப்பு நூல் என்ன நூல் என்றுதான் சொல்லும். முடிச்சா பசையா என்று சொல்லாது. இந்த லைட்டர் வித்தையைக் காட்டியே எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறார்கள்!

டஃப்டட் கம்பளம் செய்வது குற்றமில்லை. பதோஹியிலேயே ஏராளமாகச் செய்கிறார்கள். நாலு வருடம் போட்டு மிதித்துவிட்டுத் தூக்கிப்போட நல்ல பொருள்தான். அதையும் ‘கையால் செய்தது’ என்று சொல்லிக்கொள்ளலாம், பிடித்துக் குத்துவது கைதானே. அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு நாள் வேலையையும் இரண்டு மாத வேலையையும் ஒன்றாகப் போட்டுக் கட்டி, பின்னதன் விலையை முன்னதற்கு வாங்குகிறார்களே, அதுதான் மோசடி.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனோம்.

குடோனில் நல்ல கூட்டம். பாதிக்கு மேல் நம் வயதுக்காரர்கள். உட்கார நாற்காலி, கையில் இஞ்சி டீ. இரண்டு பையன்கள் ஒவ்வொன்றாக உருட்டிப் பிரிக்க, ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். நல்ல தமிழ். “இது ஷா காலத்து டிசைன் சார். அமெரிக்கா ஆர்டர். டாரிஃப் போட்டதால கேன்சல் ஆயிருச்சு. எக்ஸ்போர்ட்டர் அழுதுட்டே குடுக்கறார்.” இதில் பாதி உண்மை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. பதோஹியின் பெரிய வாடிக்கையாளரே அமெரிக்காதான். அடி விழுந்தது நிஜம். பாதி உண்மை கலந்த பொய்தான் நன்றாக விற்கும். ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முந்தைய என் டைரியில் இதே ‘குடோன் காலி, கடைசி மூன்று நாள்’ நோட்டீஸ் ஒன்று அடையாளத்துக்கு வைத்தபடி இன்னமும் இருக்கிறது. வேறு மண்டபம், அதே எழுத்து, அதே 70. அன்றைக்கு எந்த டாரிஃப்?

கம்பளத்துக்குக் கதை கட்டுவது புதிதில்லை. பாரசீகத்தில் 1539-40 வாக்கில் நெய்த அர்தபீல் கம்பளத்தை, 1893இல் லண்டன் மியூசியம் ஒன்று 2,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. வாங்கலாம் என்று சொன்னவர் வில்லியம் மாரிஸ். ‘புனிதக் கம்பளம்’ என்று விளம்பரப்படுத்திய வியாபாரி, அதற்கு ஒரு ஜோடி உண்டென்பதையும், அந்த ஜோடியை வெட்டித்தான் இதன் கிழிசலை ஒட்டுப்போட்டது என்பதையும் வெளியே சொல்லவில்லை. வெட்டுப்பட்ட ஜோடி இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது. மாரிஸுக்கே அந்தக் கதி.

பணம் திருப்பித் தர முடியாது என்றார்கள். பில்லில் மையால் அடித்திருந்தது. நான் பின்பக்கத்தைக் காட்டி நாலு பேர் காதில் விழும்படி பேச ஆரம்பித்ததும், உள்ளேயிருந்து இன்னொருவர் வந்து எங்களை ஓரமாகக் கூட்டிப்போனார். “சார் விஷயம் தெரிஞ்சவர் போல. சாருக்காக ஒண்ணு செய்யறேன். இது ஒரிஜினல் முடிச்சு. டேக் எழுபதாயிரம். தள்ளுபடி போக இருபத்தோராயிரம். அதைக் குடுத்துட்டு இதுல ரெண்டு எடுத்துக்குங்க.”

புரட்டிப் பார்த்தேன். அசல்தான். பின்பக்கத்திலும் முன்பக்க டிசைன் கோடு பிசகாமல் தெரிந்தது. குஞ்சம் தனியாகத் தைத்ததில்லை. பாவு நூலே இரண்டு முனையிலும் நீண்டு தொங்கியது. நான் பவானியில் பிறந்தவன், ஜமுக்காளத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். பாவு எது, ஒட்டுவேலை எது என்பது கைக்குத் தெரியும். சட்டைப் பையில் கொண்டுபோன சிறிய ஸ்கேலை வைத்து எண்ணினேன். அங்குலத்துக்குக் குறுக்கே பத்து, நெடுக்கே பத்து. சதுர அங்குலத்துக்கு நூறு முடிச்சு.

நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. போனதோ ஒரு போலி, வருவதோ இரண்டு அசல். “பாத்தீங்களா, அலைஞ்சது வீண் போகல” என்றார்.

என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கணக்கைப் பாருங்கள். ஆறுக்கு நாலு என்றால் 24 சதுர அடி. 3,456 சதுர அங்குலம். நூறால் பெருக்கினால் 3,45,600 முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு இழையைச் சுற்றி விரலால் நூலைக் கோத்து, இழுத்து, கத்தியால் அறுத்துப் போடுவது. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை விட்டு, பஞ்சா என்கிற கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். கை தேர்ந்தவர் ஒரு நாளுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் முடிச்சு போடுவார். எட்டாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். 43 நாள். ஒரு நாளுக்குக் கூலி வெறும் 400 ரூபாய் போடுகிறேன். கோவையில் சித்தாள்கூட அந்தக் கூலிக்கு வரமாட்டார். அப்படிப் போட்டாலும் கூலி மட்டும் 17,200.

விற்பது 21,000. மிச்சம் 3,800. இந்த மூவாயிரத்து எண்ணூறுக்குள் ஏழு கிலோவுக்குக் குறையாத கம்பளியும் பருத்தியும், சாயம், அலசல், கத்தரிப்பு, தறிக்காரருக்கும் ஏற்றுமதியாளருக்கும் நடுவில் நிற்கும் டேக்கேதாரின் பங்கு, கோவை வரை லாரி வாடகை, குடோன் வாடகை, வழவழப்பு நோட்டீஸ், இஞ்சி டீ, பேசினாரே அவர் சம்பளம், முதலாளி லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்குமா? 38 வருடம் பேலன்ஸ் ஷீட் பார்த்தவன் சொல்கிறேன், அடங்காது. கம்பளி விற்றவன் கடன் சொல்லமாட்டான். லாரிக்காரன் தள்ளுபடி தரமாட்டான். இந்த வரிசையில் குறைத்துக்கொள்ளச் சொல்லி யாரைக் கட்டாயப்படுத்த முடியும்? ஒரே ஒருவரைத்தான். அவர் மூன்றரை லட்சம் முடிச்சையும் ரூபாய்க்குப் பதினாறு என்று நமக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, சொன்ன கூலியை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

போலியை விற்றால் ஏமாறுவது நாம். ஊரைக் கூட்டுகிறோம், போலீஸுக்குப் போவேன் என்கிறோம். அசலை இந்த விலைக்கு விற்றால் ஏமாறுவது தறியில் இருப்பவர். அப்போது நாம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டு, பேரம் பேசிய சாமர்த்தியத்தை நாலு பேரிடம் சொல்கிறோம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

பதோஹியில் கடன் கொடுத்த தறிகளைப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. மண்சுவர்க் கொட்டகை. தறி செங்குத்தாக நிற்கும். அதற்கு முன்னால் பள்ளம் தோண்டி, பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு, பலகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சம் வாசல் வழியாக வருவதுதான். கம்பளிப் பிசிறு மூச்சு விடும் காற்றிலெல்லாம் மிதக்கும். பத்து நிமிடம் நின்றாலே எனக்கு இருமல் வரும். அந்த வரிசையில் எட்டு வயதும் பத்து வயதுமாகப் பையன்கள் இருந்தார்கள். நிறையப் பேர் பீகாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ‘சின்ன விரலுக்குத்தான் நுணுக்கமான முடிச்சு வரும்’ என்று தறிக்காரர் சொல்வார். சுத்தப் பொய். நுணுக்கமான வேலையெல்லாம் பெரியவர்கள் செய்ததுதான். சின்ன விரலுக்குக் கூலி குறைவு, அதுதான் விஷயம்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. கம்பள நெசவு தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் இருந்தது. ஆனால் சொந்தக் குடும்பத்தாரை வைத்து வேலை செய்தால் தடை இல்லை என்று ஒரு விலக்கும் இருந்தது. அதற்குப் பிறகு நான் போன கொட்டகைகளில் எல்லாப் பையனும் ‘பதீஜா’ ஆகிவிட்டான். அண்ணன் மகன். ஒரு தறிக்காரருக்கு ஆறு பதீஜா. ஒருவன் முகமும் இன்னொருவன் முகம் மாதிரி இல்லை. பேசுகிற பாஷைகூட வேறு. எங்கள் ஃபாரத்தில் வயதுக்குக் கட்டம் கிடையாது. ‘தறி 4, வேலை செய்வோர் 11, குடும்பத்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடன் ஒழுங்காக வசூலானது. அந்தக் கிளையிலிருந்து மாற்றலாகி வரும்போது எனக்கு ஒரு சின்னக் கம்பளம் பரிசாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆக, நான் சுத்தமான ஆள் என்று சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேருக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்காது என்று இப்போதும் சில ராத்திரிகளில் எண்ணிப் பார்க்கிறேன்.

நண்பரிடம் குடோனிலேயே இதைச் சொன்னேன். அவரும் சும்மா இருக்கவில்லை. “நெசவு முடிஞ்சு கூலி குடுத்தாச்சுங்க. நாம வாங்கலீன்னா குடோன்ல பூச்சி அரிக்கும். அதுல நெசவாளிக்கு என்ன லாபம்?” என்றார். நல்ல கேள்விதான். ஆனால் அடுத்த கம்பளத்தின் கூலி எங்கே முடிவாகிறது? இந்தக் கம்பளம் என்ன விலைக்குப் போனது என்பதில்தான். இருபத்தோராயிரத்துக்கு வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்று தெரிந்தபின் டேக்கேதார் எதற்குக் கூலியை ஏற்றப்போகிறார்? குறைப்பதற்கு அவருக்குக் காரணமா இல்லை: முடிச்சு தளர்ந்திருக்கிறது, ஓரம் கோணல், வாங்கிய முன்பணம் பாக்கி. அந்தப் பிடித்தக் கணக்கு நோட்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக, “கோ-ஆப்டெக்ஸ்லகூடத்தான் தீபாவளிக்கு முப்பது பர்சென்ட் தள்றாங்க” என்றார். அங்கே வருடம் முழுக்க ஒரே விலைதான் சீட்டில் இருக்கும். தள்ளுபடிக்கு அரசு மானியம் கொடுத்து வந்தது. நெசவாளிக்குக் கூலி சங்கத்தில் கணக்காகிவிடும். இங்கே ஒண்ணு அறுபது என்று ஒட்டியிருந்த சீட்டு ஒரு நாளாவது யாராவது கொடுத்த விலையா? கழிப்பதற்காகவே ஏற்றிய விலை அது.

விலை அதிகமாக இருந்தால் மட்டும் நெசவாளிக்குப் போய்ச் சேருமா என்று நீங்கள் கேட்கலாம். சேரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பெரிய ஷோரூமில் மூன்று மடங்கு கொடுத்தாலும் நடுவில் நிற்பவர் விழுங்கலாம். அதனால்தான் சீட்டைக் கேளுங்கள் என்கிறேன். 1994இல் கைலாஷ் சத்யார்த்தி முன்கை எடுத்து ரக்மார்க் என்று ஒரு முத்திரை தொடங்கினார். குழந்தைகள் வேலை செய்யவில்லை என்று தறிவரை போய்ச் சோதித்து, கம்பளத்தின் பின்னால் நம்பர் போட்ட சீட்டு தைப்பார்கள். 2009 முதல் அதற்கு குட்வீவ் என்று பெயர். அவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தபோது நாமெல்லாம் கைதட்டினோம். அந்தக் குடோனில் நான் பத்திருபது கம்பளமாவது புரட்டியிருப்பேன். ஒன்றிலும் அந்தச் சீட்டு இல்லை. பேசினவரிடம் கேட்டேன். “அதெல்லாம் ஃபாரினுக்குப் போற மால்ல போடறது சார்” என்றார். அமெரிக்கா ஆர்டர் கேன்சலான சரக்கு என்று ஐந்து நிமிடம் முன்னால் சொன்ன அதே வாய்.

பதோஹிக் கம்பளத்துக்கு 2010இலேயே புவிசார் குறியீடு கொடுத்தாகிவிட்டது. காஷ்மீர் முடிச்சுக் கம்பளத்துக்கும் இருக்கிறது. எங்கள் பவானி ஜமுக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985இல் சட்டமே போட்டார்கள், அதையும் மீறி விசைத்தறிச் சரக்கு வருகிறது என்பது வேறு வயிற்றெரிச்சல். கம்பளத்துக்கு நான் கேட்பது பெரிய விஷயமில்லை. முடிச்சா டஃப்டடா, அங்குலத்துக்கு எத்தனை, எந்த ஊர்த் தறி, எத்தனை நாள் வேலை என்று நாலு வரி பின்னால் தைத்து ஒட்டட்டும். ஊறுகாய் பாட்டிலில் உப்பு எத்தனை கிராம் என்று எழுதச் சொல்கிறோம். நாற்பதாயிரம் ரூபாய் பொருளுக்கு ஒரு வரி இல்லை.

அதுவரை, தரைக்கு ஏதாவது விரிக்க வேண்டுமென்றால் ஜமுக்காளம் வாங்குங்கள். துவைக்கலாம், பேரப்பிள்ளைகள் மூத்திரம் போனாலும் கவலையில்லை. இல்லை, மெத்தென்றுதான் வேண்டுமென்றால் டஃப்டட்டையே டஃப்டட் விலைக்கு வாங்குங்கள். முடிச்சுக் கம்பளம்தான் ஆசை என்றால் காசு சேர்த்து, வாழ்நாளில் ஒன்று, சீட்டுப் பார்த்து வாங்குங்கள். தலைமுறைக்கும் கிடக்கும்.

நண்பர் கடைசியில் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் வந்தார். நாற்பத்திரண்டாயிரத்தை அப்படியே விட்டுவிட்டு வர யாருக்கு மனது வரும்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை. இரண்டு நாள் நடைக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “அந்த ஸ்கேலைக் குடுங்க, நானும் எண்ணிப் பாக்கறேன்” என்றார். வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன், பத்து ரூபாய்.

நேற்றுப் பேப்பரில் மறுபடியும் நோட்டீஸ். இந்த முறை ராமநாதபுரம் பக்கம் ஒரு மண்டபம். ‘குடோன் காலி. கடைசி மூன்று நாள்.’ சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஸ்கேலோடு போகிறேன். கூட வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் போன் செய்யுங்கள். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.